வாலைக் குளிர்விப்பான் அளவு கணித்தல்

வாலைக் குளிர்விப்பான் என்பது, கொதிக்கும் மூலிகை அல்லது புல்லிலிருந்து எழும் நீராவியையும் அதனுடன் கலந்து வரும் எண்ணெய் ஆவியையும் குளிர்வித்து மீண்டும் நீர்மமாக்கும் கருவியாகும். பட்டறைகளில் இது 'கண்டென்சர்' என்றே அழைக்கப்படுகிறது. வாலையின் மற்ற உறுப்புகளான கொதிகலன், இலை அடைக்கும் கலன், எண்ணெய் பிரிக்கும் கலம் ஆகியவற்றை ஒருமுறை அளவெடுத்துச் செய்துவிட்டால் ஆண்டு முழுவதும் அவை ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும். குளிர்விப்பான் அப்படியன்று. அதன் திறன் அதற்குள் நுழையும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்து மாதந்தோறும் மாறுகிறது. சாரல் காலத்தில் குளிர்ந்த நீரும் கோடையில் காய்ந்த ஓடையும் காணப்படும் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இந்த வேறுபாடு மிகுதி. ஆடி மாத நீரை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட குளிர்விப்பான் சித்திரையில் ஆவியைக் கொட்டகைக்குள் விட்டுவிடுவது இதனால்தான்.

வட்டாரமும் பயிரும்

குற்றாலத்திற்கும் மணப்பொருள்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. கிராம்பு இந்தியாவிற்குள் 1800-ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனியால் குற்றாலத்திலிருந்த அதன் நறுமணப் பயிர்த் தோட்டத்தின் வழியாகவே கொண்டுவரப்பட்டது. இன்றும் குற்றால மலைத் தோட்டங்களில் கிராம்பும் சாதிக்காயும் விளைகின்றன. எலுமிச்சைப் புல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு இயல்பான புல்லினம். மலைக்கு அப்பால் கேரளத்தின் எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் இப்புல்லுக்கென 1951-இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம் உள்ளது. அப்பகுதியிலிருந்து ஏற்றுமதியான எண்ணெய் உலகச் சந்தையில் 'கொச்சின் எண்ணெய்' என்றே பெயர் பெற்றது.

சித்த மருத்துவத்தில் வாலை வடிப்பு தனி மருந்து வகையாகவே இடம்பெறுகிறது. முப்பத்திரண்டு அக மருந்துகளுள் ஒன்றான தீநீர், வாலையில் இறக்கப்படுவது. வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

சாராயம் வடிப்பது இக்கட்டுரையின் பொருளன்று. கணக்கு முறை இரண்டிற்கும் ஒன்றே என்றாலும், 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது வடிப்பது மட்டுமல்லாமல், அதற்கான வாலையை வைத்திருப்பதும் குற்றம். மணநெய் வாலை அமைப்பவர்கள் கருவி எதற்கு என்பதைத் தெளிவாகக் காட்டும் ஆவணங்களைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வாலையின் கணக்கு

பழைய வாலையில் குளிர்விப்பான் தனி உறுப்பாக இருப்பதில்லை. அடுப்பிலுள்ள பானையின் மேல் ஒரு மூடிக்கலம் அமர்ந்திருக்கும். அதன் மேற்பகுதியில் குளிர்ந்த நீர் ஊற்றப்படும். ஆவி மூடியின் அடிப்புறத்தில் பட்டுத் துளியாகி, ஓரத்து வளையத்தில் சேர்ந்து மூக்குக் குழாய் வழியே வெளியேறும். மேலிருக்கும் நீர் சூடேறியதும் இறக்கிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும்.

இந்த எளிய அமைப்பிலேயே முழுக் கணக்கும் அடங்கியுள்ளது. ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது ஏறத்தாழ 540 கிலோகலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு பாகை செல்சியசு சூடேற ஒரு கிலோகலோரி போதும். மூடியில் 10 லிட்டர் நீர் ஊற்றி, அது 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏறும்வரை விட்டால், அது உள்வாங்குவது 320 கிலோகலோரி. அதைக் கொண்டு அரை லிட்டருக்குச் சற்று மேலான தீநீரே கிடைக்கும். அதாவது ஒரு லிட்டர் தீநீருக்கு மூடி நீரை இரண்டு முறை மாற்ற வேண்டும். வடிப்பவர் நீரை மாற்றச் சோம்பினால் ஆவி துளியாகாமல் இடுக்குகள் வழியே போய்விடும். மணம் தெருமுனை வரை வீசினால் மருந்து பானையில் குறைகிறது என்று பொருள்.

தேவைப்படும் நான்கு அளவுகள்

புதுக் குளிர்விப்பான் செய்ய விரும்புபவர் முதலில் நான்கு அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மணிக்கு எத்தனை கிலோ ஆவி வருகிறது, வடிநீர் எந்த வெப்பநிலையில் வெளியேற வேண்டும், குளிர்நீர் எந்த வெப்பநிலையில் நுழையும், எந்த வெப்பநிலையில் வெளியேறலாம்.

ஆவியின் அளவு வாலையின் கொள்ளளவைப் பொறுத்ததன்று, அடுப்பைப் பொறுத்தது. ஐந்நூறு லிட்டர் வாலையிலும் தீ மெலிந்தால் ஆவி குறைவு. சிறிய வாலையிலும் விறகை அள்ளிப் போட்டால் ஆவி பெருகும். 'இத்தனை லிட்டர் வாலைக்கு இந்த அளவு கண்டென்சர்' என்று பட்டறைகளில் சொல்லப்படும் கணக்கு அதனால் முழுமையற்றது. ஏற்கெனவே ஓடும் வாலை என்றால், ஒரு நிமிடத்தில் விழும் வடிநீரை அளவுக்குடுவையில் பிடித்து அறுபதால் பெருக்கலாம். நிமிடத்திற்கு 417 மில்லிலிட்டர் விழுந்தால் மணிக்கு 25 லிட்டர். குளிர்விப்பானின் வாயில் ஆவி புகைந்துகொண்டிருந்தால் மட்டும் இந்த அளவு உண்மையைவிடக் குறைவாக இருக்கும். மேலும் தீ மிகப் பலமாக எரியும் நேரத்தில் அளப்பதே சரி, ஏனெனில் குளிர்விப்பான் தாங்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

வடிநீரின் வெப்பநிலை எண்ணெயைப் பொறுத்தது. எலுமிச்சைப் புல்லுக்கு 40 பாகைக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் சூடாக வந்தால் எண்ணெய் பிரிகலத்திலிருந்தே ஆவியாகும். நூறு கிலோ பச்சைப் புல்லில் பொதுவாக 300 முதல் 500 கிராம் எண்ணெய்தான் கிடைக்கும் என்பதால் சிறு இழப்பும் கணக்கில் தெரியும். யூகலிப்டசு எண்ணெய்க்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் தீப்பற்றுநிலை 50 பாகைக்கு அருகில் இருப்பதால், அடுப்பெரியும் கொட்டகையில் சூடான எண்ணெய் வடிவது ஆபத்து. எல்லா எண்ணெய்க்கும் கடுங்குளிர்ச்சி நல்லதுமில்லை. வெட்டிவேர் எண்ணெய் பிசுபிசுப்பானது; குளிர்ந்தால் குழாயில் ஒட்டிக்கொள்ளும், நீரிலிருந்து பிரியவும் மறுக்கும். அதைச் சற்றுச் சூடாகவே வடியவிடுவார்கள். ஓம எண்ணெயிலுள்ள தைமால் குளிரில் படிகமாகும் இயல்புடையது.

வெளியேறும் குளிர்நீரை 50 பாகைக்கு மேல் போகவிடாமல் வைப்பது வழக்கம். அதைத் தாண்டினால் கடின நீரிலுள்ள சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் வேகமாகப் படியத் தொடங்கும். மலையடிவார ஓடை நீரில் இந்தத் தொல்லை குறைவு. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

மணிக்கு 25 கிலோ ஆவி தரும் ஓர் எலுமிச்சைப் புல் வாலையை எடுத்துக்கொள்வோம். வடிநீர் 40 பாகையில் வெளிவர வேண்டும். ஆவி நீராக மாறும்போது 25-ஐ 540-ஆல் பெருக்க, 13,500 கிலோகலோரி. அந்த நீர் 100 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஆற, 25-ஐ 60-ஆல் பெருக்க, 1,500 கிலோகலோரி. மொத்தம் மணிக்கு 15,000 கிலோகலோரி, அதாவது 17.4 கிலோவாட். எண்ணெயின் பங்கு மிகச் சிறியது என்பதால் விட்டுவிடலாம்.

குளிர்நீரின் தேவை இதிலிருந்து நேராகக் கிடைக்கும். சாரல் காலத்தில் நீர் 25 பாகையில் நுழைந்து 50 பாகையில் வெளியேறினால், ஒவ்வொரு லிட்டரும் 25 கிலோகலோரி எடுத்துச் செல்லும்; மணிக்கு 600 லிட்டர் போதும். கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ந்த நீர் 35 பாகையில் நுழைகிறது என்று கொண்டால், ஒவ்வொரு லிட்டரும் 15 கிலோகலோரிதான் எடுக்கும். தேவை மணிக்கு 1,000 லிட்டராக உயர்கிறது. நீர் குறைவாக இருக்கும் மாதத்தில் நீர் அதிகம் வேண்டியிருக்கிறது.

பெரும்பாலானோர் கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டு, கோடையில் பெரிய மோட்டார் வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு செய்கிறார்கள். அது பாதி உண்மைதான். குழாயின் பரப்பையும் கணக்கிட்டால்தான் மறுபாதி தெரியும்.

தேவையான பரப்பு என்பது வெப்ப அளவை, வெப்ப மாற்றுக் கெழுவாலும் ஆவிக்கும் நீருக்கும் இடையிலான சராசரி வெப்பநிலை வேறுபாட்டாலும் வகுத்தால் கிடைப்பது. இருமுனைகளில் வேறுபாடு வெவ்வேறாக இருப்பதால் மடக்கைச் சராசரியைப் பயன்படுத்துவார்கள். ஆவி துளியாகும் பகுதியில் கெழு ஒரு சதுர மீட்டருக்கும் ஒரு பாகைக்கும் 500 வாட் என்றும், துளியான நீர் மேலும் ஆறும் பகுதியில் 150 வாட் என்றும் இங்கே கொள்ளப்படுகிறது. மெல்ல வழியும் வடிநீர் வெப்பத்தை எளிதில் விடாது என்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம். நீர் கீழிருந்து மேலாகவும் ஆவி மேலிருந்து கீழாகவும், எதிரெதிராகச் செல்வதாகக் கொள்ள வேண்டும்.

சாரல் கால நீரில், ஆவி துளியாக 0.52 சதுர மீட்டரும், வடிநீர் ஆற 0.32 சதுர மீட்டரும், மொத்தம் 0.84 சதுர மீட்டரும் தேவை. வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே உள்ள கடைசி ஆற்றலுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் செலவாவதைக் கவனிக்க வேண்டும்.

கோடையில் 35 பாகை நீரை மணிக்கு 1,000 லிட்டர் வீதம் தாராளமாக விட்டாலும், துளியாகும் பகுதிக்கு 0.56, ஆறும் பகுதிக்கு 0.50, மொத்தம் 1.06 சதுர மீட்டர் தேவைப்படுகிறது. துளியாகும் பகுதி ஏறக்குறைய மாறவில்லை; ஏனெனில் 100 பாகை ஆவிக்கு 25 பாகை நீரும் 35 பாகை நீரும் பெரிய வேறுபாடில்லை. அடிமுனையில்தான் சிக்கல். 40 பாகைக்கு ஆற வேண்டிய வடிநீருக்கும் 35 பாகை நீருக்கும் இடையே ஐந்து பாகை இடைவெளிதான் உள்ளது. எவ்வளவு நீரைப் பாய்ச்சினாலும் அந்த ஐந்து பாகை ஆறாகாது. கூட்ட வேண்டியது மோட்டாரை அல்ல, குழாயின் நீளத்தை. அல்லது வடிநீர் 45 பாகையில் வந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போது தேவை 0.92 சதுர மீட்டராகக் குறைகிறது.

அழுக்குப் படிவுக்காகவும் தீ மிகும் நேரத்திற்காகவும் கால் பங்கு கூட்டினால், 1.06 என்பது 1.33 சதுர மீட்டராகும். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 0.0785 சதுர மீட்டர் பரப்புத் தரும். எனவே 17 மீட்டர் குழாய் வேண்டும்.

சுருளா, குழாய்க் கட்டா

பதினேழு மீட்டரையும் ஒரே சுருளாக வளைத்துத் தொட்டியில் அமிழ்த்துவது மலிவு. உள்ளூர்ப் பட்டறையில் உடனே செய்து தருவார்கள். ஆனால் ஒரு கிலோ நீராவி 100 பாகையில் ஏறத்தாழ 1.67 கன மீட்டர் இடத்தை அடைக்கும். மணிக்கு 25 கிலோ என்றால் நொடிக்கு 11.6 லிட்டர். அது 22 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரே குழாயில் நுழைந்தால் வேகம் நொடிக்கு 30 மீட்டரைத் தொடும். ஆவி திணறும், வாலைக்குள் அழுத்தம் ஏறும், மூடி விளிம்பில் கசிவு தொடங்கும். கசிவை நிறுத்த மூடியை இன்னும் இறுக்குவது பலரும் செய்யும் பிழை. வாலையும் குளிர்விப்பானும் எப்போதும் வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்க வேண்டும். வடிநீர் வாயில் எந்த அடைப்பானும் கூடாது. அடைபட்ட வாலை வெடிக்கக்கூடும்.

அதே 17 மீட்டரை ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளமுள்ள 14 குழாய்களாக வெட்டி, ஓர் உருளைக்குள் இணையாக நிறுத்தினால், ஆவியின் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரளவிற்கு இறங்கிவிடும். குழாய்களுக்கு வெளியே நீர் தடுப்புத் தகடுகளைச் சுற்றி ஓடுவதால் வெப்ப மாற்றமும் கூடும். தேங்கிய தொட்டி நீரில் கிடக்கும் சுருளுக்கு மேற்சொன்ன 500 வாட் கெழு கிடைக்காது. பாதி கிடைப்பதே அரிது. சுருளைத்தான் வைப்பது என்றால் மேல்முனையை அகன்ற குழாயாகத் தொடங்கிக் கீழே வரவரக் குறுக்குவதும், தொட்டி நீரை அடியில் புகுத்தி மேலே வழியவிடுவதும் உதவும்.

குழாய் எதனால் ஆனது என்பது கணக்கைப் பெரிதாக மாற்றாது. செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மையே என்றாலும், மெல்லிய சுவரில் அந்த நன்மை சிறிது. எண்ணெயின் நிறமே இங்கு முக்கியம். கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் இரும்பு பட்டால் கருக்கும். துருப்பிடிக்காத எஃகு மூன்று வகை இலைக்கும் பொதுவாகப் பொருந்தும்.

கிராம்பு வடிப்பவர்கள் பிரிகலத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். எலுமிச்சைப் புல் எண்ணெய் நீரில் மிதப்பது. கிராம்பு எண்ணெய் நீரில் மூழ்குவது.

மலையிலிருந்து வாங்கிய கருவி

பழைய வாலைகள் கைமாறும்போது நீலகிரித் தைல வாலைகள் சில சமயம் சமவெளிக்கு வருவதுண்டு. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 93 பாகைக்கு அருகிலேயே கொதிக்கிறது. ஓடை நீரும் சமவெளி நீரைவிட மிகக் குளிர்ந்தது. அங்கே நிறைவாக வேலை செய்த குளிர்விப்பானைத் தென்காசிக்குக் கொண்டுவந்து அதே தீயில் ஓட்டினால் கடைசி ஆற்றலுக்கான பரப்பு போதாது. கருவியில் குறையில்லை, அது வேறு நீருக்காகச் செய்யப்பட்டது. இத்தகைய கருவியை வாங்குபவர் கீழ்முனையில் இரண்டாவதாக ஒரு சிறு குளிர்விப்பானைச் சேர்த்துவிட்டால் பழையதை மாற்ற வேண்டியதில்லை.

கோடை நீரைச் சமாளித்தல்

குற்றாலத்தில் 'சீசன்' என்றால் ஆனி முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையிலும் அருவிகள் பெருகும். மாசிக்குப் பின் பேரருவியே நூலாக மெலிந்து நின்றுவிடும். புல்லோ சீசன் பார்ப்பதில்லை. பாசனமுள்ள வயலில் ஐம்பது, அறுபது நாளுக்கு ஒருமுறை அறுவடைக்கு வரும். மழைக்காலப் புல்லில் நீர்ச்சத்து மிகுந்து எண்ணெய் விகிதம் குறைவதால், கோடை வடிப்பைத் தவறவிடவும் யாருக்கும் மனம் வராது.

நான்கு மணி நேர வடிப்பு ஒன்றுக்கு 4,000 லிட்டர் நீரைச் சித்திரையில் சாக்கடைக்கு அனுப்புவது எந்த ஊரிலும் நியாயமாகாது. ஒரு வழி, பெரிய தொட்டி. நிழலில் வைத்த 5,000 லிட்டர் தொட்டி நீரையே திரும்பத் திரும்பச் சுழற்றினால், நான்கு மணி நேரத்து 60,000 கிலோகலோரி அதை 12 பாகை சூடேற்றும். விடியலில் 28 பாகையாக இருந்த நீர் வடிப்பு முடியும்போது 40 ஆகிவிடும். அதாவது கடைசி ஒரு மணி நேரத்தில் வடிநீர் சூடாகத்தான் வரும். எண்ணெயின் பெரும்பகுதி முதற்பாதியிலேயே வந்துவிடுவதால் இது பொறுத்துக்கொள்ளத்தக்க குறை. மறுநாளுக்குள் நீர் முழுதும் ஆறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே பெரிய சிக்கல். நாள்தோறும் வடிப்பவர்களுக்கு இம்முறை ஒத்துவராது.

நாள்தோறும் வடிப்பவர்களுக்கு ஏற்றது குளிர்கோபுரம். சூடான நீரைத் தட்டுகளின் வழியே தெளித்து, எதிரே காற்றை ஊதினால் நீரில் சிறுபகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கும். மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். நீர் எவ்வளவு குளிரும் என்பதற்கு எல்லை காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை. 37 பாகை வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோடைப் பிற்பகலில் அது ஏறத்தாழ 26 பாகை. சிறு கோபுரத்தால் நீரை 30 பாகைக்குக் கொண்டுவர முடியும். வெயிலில் நின்ற தொட்டி நீரைவிட அது ஐந்து பாகை குளிர்ச்சி. ஓட்டம் மணிக்கு 750 லிட்டராகவும், பரப்புத் தேவை 0.92 சதுர மீட்டராகவும் குறையும். ஆவியாகி இழக்கும் நீர் மணிக்கு 26 லிட்டர் அளவே. கோபுர நீரில் உப்பு கூடிக்கொண்டே போகும் என்பதால் அவ்வப்போது கொஞ்சம் வெளியேற்றிப் புதுநீர் சேர்க்க வேண்டும். அதையும் சேர்த்தாலும் 4,000 லிட்டருக்குப் பதில் நாளொன்றுக்கு இருநூறு லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும்.

சாரல் நாளில் காற்றின் ஈரப்பதம் மிக அதிகம் என்பதால் கோபுரத்தின் பயன் குறைவு. ஆனால் அப்போது நீரே குளிர்ந்திருக்கும். கோபுரம் தேவைப்படும் மாதமும் அது நன்றாக வேலை செய்யும் மாதமும் ஒன்றாக அமைவது இவ்வட்டாரத்திற்கு வாய்த்த நன்மை. 50 பாகை நீரை நேராக ஓடையில் திறந்துவிடுவது, அது சாரல் காலமே ஆனாலும், மீனையும் கீழே குளிப்பவரையும் பாதிக்கும். அந்தச் சூட்டு நீரில் மணிக்கு 25 லிட்டரைக் கொதிகலனுக்கே திருப்பினால் சற்று விறகு மிச்சமாகும்.

சோதித்தல்

புதுக் குளிர்விப்பானைப் பட்டறையில் ஏற்பதற்கு முன் இலையின்றி வெறும் நீரைக் கொதிக்கவைத்து ஓட்டிப் பார்க்கலாம். நான்கு இடங்களில் வெப்பமானி வேண்டும்: ஆவி நுழைவாய், வடிநீர் வாய், குளிர்நீர் நுழைவாய், குளிர்நீர் வெளிவாய். குளிர்நீர் ஒரு மணி நேரத்தில் எடுத்துச் சென்ற வெப்பமும், வடிநீரின் அளவிலிருந்து கணித்த வெப்பமும் பத்து விழுக்காட்டிற்குள் ஒத்துவந்தால் அளவீடு நம்பத்தக்கது. சோதனை சாரல் நாளில் நடந்தால், நுழையும் நீரை வெந்நீர் கலந்து 35 பாகைக்கு உயர்த்தி இன்னொரு முறை ஓட்ட வேண்டும். அப்போதும் வடிநீர் வாயில் புகை தெரியாமல், கைபொறுக்கும் சூட்டில் நீர் வடிந்தால் அந்தக் குளிர்விப்பான் சித்திரைக்கும் போதுமானது.